லைசென்ஸ் யார் பேரில்?

சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கம் ஐபிஎல் வருவது உச்ச வெயில் காலத்தில். பட்டாசு ஆலைக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பியவர்களும், அச்சாபீசில் நாளெல்லாம் நின்று கால் கடுத்த பையன்களும் ஏழரை மணிக்கு டீக்கடைத் தொலைக்காட்சி முன்போ ஒரு செல்போனைச் சுற்றியோ கூடிவிடுகிறார்கள். அச்சங்குளம் போன்ற ஊர்களில் ஆட்டத்தைவிட நீளமாக நடப்பது அதைப் பற்றிய வாக்குவாதம். கையில் விழுந்த கேட்சை விட்டால் "செட்டிங்கு". கடைசி ஓவரில் ஆட்டம் புரண்டால் "ஸ்கிரிப்ட் அப்படி". சென்னை ஜெயித்துவிட்டால் எதிர் அணிக்காரன் உடனே பழைய கணக்கை எடுப்பான்: "ரெண்டு வருசம் தடை வாங்குன டீம்தானப்பா?" அதற்குப் பிறகு வரும் வசவுகளை எழுத முடியாது.

இந்தப் பேச்சை விவரம் தெரியாதவர்களின் புலம்பல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அணி யாருடையது? ஆட்டம் நேர்மையாக நடக்கிறதா? பெரும்பாலான நாட்களில் இவை தனித்தனிக் கேள்விகள். 2013 மே மாதம் இரண்டும் ஒரே மனிதரிடம் வந்து முட்டின. அந்த வழக்கின் காகிதங்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிறது: ரசிகன் சந்தேகப்பட்டதில் தவறில்லை, ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்த இடம் வேறு. அவன் கண் பந்தின் மேலேயே இருந்தது. நடந்த காரியமோ அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, ஒரு பொதுக்குழுக் கூட்டத்தில், தீர்மானமாக எழுதப்பட்டு, எல்லோரும் படிக்கும்படி கிடந்தது.

சென்னை அணி என்கிறோமே தவிர, அதன் பணம் பிறந்த இடம் சென்னை இல்லை. சாத்தூரிலிருந்து நால்வழிச் சாலையில் தெற்கே போனால் கோவில்பட்டி, கயத்தாறு, கங்கைகொண்டான் தாண்டித் தாழையூத்து வரும். அங்கேதான் இந்தியா சிமெண்ட்ஸ் தன் முதல் ஆலையை 1949இல் ஓட்டத் தொடங்கியது. நிறுவனம் பதிவானது 1946இல். ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு, நிறுவியவர்களில் ஒருவரான சங்கரலிங்க ஐயரின் நினைவாகச் சங்கர் நகர் என்று பெயர். மற்றொரு நிறுவனர் டி.எஸ்.நாராயணசுவாமி. அவருடைய மகன்தான் என்.சீனிவாசன். சங்கர் நகரில் உள்ள கம்பெனி மைதானத்தில் 2016 முதல் தமிழ்நாடு பிரிமியர் லீக் ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. விருதுநகர் மாவட்டத்துக்கென்று அந்த லீக்கில் ஓர் அணி கிடையாது. நம் பக்கத்துப் பையன்கள் திருநெல்வேலிக்கோ திண்டுக்கல் நத்தத்துக்கோ வண்டி கட்டிப் போய்த்தான் பார்க்கிறார்கள்.

கம்பெனி கிரிக்கெட் அணி வைத்துக்கொள்வதில் தவறேதும் இருந்ததில்லை. சென்னை லீக்கே அப்படித்தான் வளர்ந்தது. இந்தியா பிஸ்டன்ஸ் தன் பெயரிலேயே அணி நடத்தியது, ஜாலி ரோவர்ஸ் அணிக்குப் பின்னால் சான்மார் குழுமம் நின்றது, இந்தியா சிமெண்ட்ஸ் பல அணிகளைத் தாங்கியது. ஆடுகிற பையனுக்கு ஒரு வேலை, மாதச் சம்பளம், ஆட்ட நாளில் விடுப்பு. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எத்தனையோ பேர் இருபத்திரண்டு வயதில் மட்டையைப் பரணில் போட்டுவிட்டு வேறு பிழைப்புக்குப் போயிருப்பார்கள். ராகுல் டிராவிட்டும் மகேந்திர சிங் தோனியும் இந்தியா சிமெண்ட்ஸ் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள்தாம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. புரவலர் வேறு, ஆட்டத்தின் விதியை எழுதுகிறவர் வேறு என்று இருந்தவரை அது நல்ல ஏற்பாடு.

2008 ஜனவரி 24 அன்று ஐபிஎல் அணிகள் ஏலம் போயின. சென்னையை 9.1 கோடி டாலருக்கு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 360 கோடி ரூபாய்க்கு, இந்தியா சிமெண்ட்ஸ் எடுத்தது. அந்த நாளில் சீனிவாசன் அந்தக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தலைவர். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளரும் அவரே. ஏலம் விட்ட வீட்டிலும் ஏலம் எடுத்த வீட்டிலும் ஒரே ஆள்.

வாரியத்தின் விதிகளில் 6.2.4 என்ற பிரிவு இருந்தது. வாரியம் நடத்தும் ஆட்டங்களில் நிர்வாகி எவருக்கும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக ஆதாயம் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். சந்தேகத்துக்கு இடமில்லாத விதி. அந்த விதிப்படி அவர் பதவியையோ அணியையோ விட்டிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. 2008 செப்டம்பர் 27 அன்று வாரியத்தின் பொதுக்குழு கூடி, ஐபிஎல், சாம்பியன்ஸ் லீக் போன்ற போட்டிகள் நீங்கலாக என்று அந்தப் பிரிவின் வாலில் சில சொற்களைச் சேர்த்தது. பணம் புரளும் இடத்தை மட்டும் விதியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். சீனிவாசன் வாரியச் செயலாளரானார். அதே காலத்தில் இந்திய அணித் தேர்வுக்குழுத் தலைவராக இருந்த கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், சென்னை அணியின் விளம்பரத் தூதராகவும் இருந்தார்.

இதை எதிர்த்து வழக்குப் போட்டவர் ஏ.சி.முத்தையா. அவரும் தொழிலதிபர், வாரியத்தின் முன்னாள் தலைவர், தமிழ்நாடு சங்கத்தில் சீனிவாசனுக்கு முந்தைய அதிகார மையம். பழைய பகை என்றுதான் பத்திரிகைகள் எழுதின, பாதி ஊரும் அப்படியே நினைத்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. நீதிபதி பாஞ்சால் மனுவைத் தள்ளினார். நீதிபதி ஞான் சுதா மிஸ்ரா, அணியையும் வாரியப் பதவியையும் ஒருவரே வைத்திருக்கலாகாது என்றார். வழக்கு பெரிய அமர்வுக்காகக் காத்துக் கிடக்க, அந்தச் செப்டம்பரில் சீனிவாசன் வாரியத் தலைவரானார். 2010இலும் 2011இலும் சென்னை கோப்பை வாங்கியது. கொண்டாடிய நாம் ஒருவரும் 6.2.4 பற்றிப் பேசவில்லை. அந்த ஆட்டங்களில் களங்கம் இருந்தது என்று எந்த விசாரணையும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. விதிப் புத்தகத்தில் கைவைத்தபோது ரசிகர் கூட்டம் விசில் அடித்துக்கொண்டிருந்தது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

2013 மே 16 விடியுமுன், மும்பையில் தில்லிப் போலீசார் ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் ஸ்ரீசாந்த், அஜித் சண்டிலா, அங்கீத் சவான் ஆகிய மூவரைக் கைது செய்தனர். குற்றச்சாட்டு, குறிப்பிட்ட ஓவர்களில் சொல்லிவைத்த அளவுக்கு ஓட்டங்களை விட்டுக்கொடுக்கப் பணம் பேசினார்கள் என்பது. எட்டு நாள் கழித்து, மே 24 அன்று, மும்பைப் போலீசார் குருநாத் மெய்யப்பனைக் கைது செய்தனர். ஏவிஎம் மெய்யப்பச் செட்டியாரின் பேரன், சீனிவாசனின் மருமகன். அணிகள் பற்றிப் பந்தயம் கட்டினார், அணியின் உள் விவரங்களைச் சொன்னார் என்பது புகார். மே 26 அன்று கொல்கத்தாவில் இறுதியாட்டம். சென்னை 23 ஓட்டங்களில் மும்பையிடம் தோற்றது. அன்றைக்கு யாருக்கும் ஆட்டத்தின் மேல் கவனமில்லை.

இங்கேதான் அச்சங்குளத்துக்காரருக்கு நன்றாகவே தெரிந்த ஒரு கேள்வி எழுந்தது. குருநாத் அந்த அணியில் யார்? கைதுக்கு முன்வரை அவர் அணியின் தலைமைப் பொறுப்பாளர் என்றே அறியப்பட்டார். தம் ட்விட்டர் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தார். ஏலத்தில் அணியின் மேசையில் உட்கார்ந்திருந்தார். ஆடுகளத்து ஓரத்தில் அணியோடு இருந்தார். கைதானதும் இந்தியா சிமெண்ட்ஸ் அறிக்கை விட்டது: அவர் உரிமையாளரும் இல்லை, தலைமை அதிகாரியும் இல்லை, நிர்வாகக் குழுவில் கௌரவ உறுப்பினர்களில் ஒருவர், அவ்வளவுதான். பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை என்பது வாதம். அந்த வாதத்தின் பின்னால் பெரிய கணக்கு இருந்தது. அணியின் உரிமையாளரோ பொறுப்பாளரோ ஆட்டத்துக்கு அவப்பெயர் உண்டாக்கினால் அணியையே பறிக்க ஒப்பந்தத்தில் இடமுண்டு. அவர் வெறும் ஆர்வலர் என்றால் தண்டனை அவரோடு முடிந்துபோகும்.

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். உரிமம் வாங்கியவர் ஒருவர், அறைகளைக் குத்தகைக்கு எடுத்து வேலை நடத்தியவர்கள் வேறு பலர் என்பது விசாரணையில் வெளிவந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் அமைத்த குழு ஊருக்கு வந்து பார்த்தது. பட்டாசு வட்டாரத்தில் விபத்து நடந்த மறுநிமிடம் கேட்கப்படும் கேள்வி, "லைசென்ஸ் யார் பேர்ல? நடத்துறது யாரு?" என்பதுதான். காகிதத்தில் பெயர் இருப்பவர், நான் அங்கே இல்லை என்பார். அங்கே இருந்தவர், என் பெயரில் எதுவுமில்லை என்பார். செத்தவர் குடும்பம் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கும். உயிர் போன இடத்தையும் கிரிக்கெட் சூதாட்டத்தையும் ஒரே தராசில் வைக்க நான் துணியமாட்டேன். ஆனால் பொறுப்பிலிருந்து நழுவும் வழி இரண்டிலும் ஒன்றாக இருக்கிறது. உள்குத்தகை என்ற சொல்லோடு வாழ்ந்து பழகிய ஊருக்கு, கௌரவ உறுப்பினர் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாரியம் தானே இரண்டு ஓய்வுபெற்ற நீதிபதிகளை வைத்து ஒரு விசாரணை நடத்தி, குற்றமில்லை என்றது. அந்தக் குழு அமைத்த முறையே சட்டவிரோதம் என்று 2013 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைக் கொண்டுபோனது யார் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சென்னையின் லட்சக்கணக்கான ரசிகர்கள் யாரும் போகவில்லை. தமிழ்நாட்டுச் சங்கத்தின் உறுப்பினர் மன்றங்கள் போகவில்லை. வாரியத்தில் முழு உறுப்பினர் தகுதிகூட அப்போது இல்லாத பீகார் கிரிக்கெட் சங்கமும் அதன் செயலாளர் ஆதித்ய வர்மாவும் போனார்கள்.

உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் குழு அமைத்தது. குழு தொலைபேசிப் பதிவுகளைக் கேட்டது, ஆட்களை விசாரித்தது. ஆஸ்திரேலியாவின் மைக் ஹஸ்ஸி 2013இல் வெளியிட்ட தன்வரலாற்றில், அணியை நடத்தும் பொறுப்பைச் சீனிவாசன் மருமகனிடம் கொடுத்திருந்தார் என்று யதார்த்தமாக எழுதியிருந்தார். அணிக்குள் ஆடியவருக்கு அது மறைக்க வேண்டிய செய்தியாகவே படவில்லை. குருநாத் அணியின் பொறுப்பாளரே, அவர் பந்தயம் கட்டியது உண்மை என்று குழு கண்டது. ராஜஸ்தான் அணியின் ராஜ் குந்த்ராவும் அப்படியே. சீனிவாசன் ஆட்டத்தை நிர்ணயிப்பதில் ஈடுபட்டதாகவோ விசாரணையைத் தடுத்ததாகவோ சான்றில்லை என்றும் அதே குழு எழுதியது. இந்த இரண்டு வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும். டீக்கடையில் ஒரு கட்சி முதல் வரியை மட்டும் சொல்கிறது, மறு கட்சி இரண்டாவதை மட்டும்.

குழு கொடுத்த முத்திரையிட்ட உறையில் 13 பெயர்கள் இருந்தன. விளையாட்டு வீரர்கள் பெயரும் உண்டு என்ற செய்தி கசிந்தது, பெயர்கள் முழுதாக வெளிவரவில்லை. நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டில் ஒருவர் பெயர் கெடக் கூடாது என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த உறைதான் பத்தாண்டு வதந்திக்கு விதை நெல்லானது. இன்றைக்கும் யாரைப் பிடிக்காதோ அவர் பெயரை அந்த உறைக்குள் போட்டுவிடலாம்.

2015 ஜனவரி 22 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி டி.எஸ்.தாக்கூருடன் அமர்ந்தவர் காரைக்குடியில் பிறந்த எப்.எம்.இப்ராகிம் கலிபுல்லா. 2008இல் ஒட்டிய அந்தச் சில சொற்கள் செல்லாது என்று வெட்டப்பட்டன. அணியில் ஆதாயம் இருப்பவர் வாரியத் தேர்தலில் நிற்க முடியாது. வாரியம் பொதுப்பணி செய்யும் அமைப்பு, ஆகவே நீதிமன்றத்தின் கேள்விக்கு உட்பட்டது. ஜூலை 14 அன்று, உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி லோதா குழு, குருநாத்துக்கும் குந்த்ராவுக்கும் வாழ்நாள் தடையும், சென்னை, ராஜஸ்தான் அணிகளை நடத்திய கம்பெனிகளுக்கு இரண்டாண்டுத் தடையும் விதித்தது.

தமிழ்நாட்டு ரசிகர்கள் இதை எடுத்துக்கொண்ட விதம் வருத்தம் தருகிறது. தில்லிக்காரனும் மும்பைக்காரனும் சேர்ந்து நம்மை ஒழித்தார்கள் என்ற பேச்சு பரவியது. அணிக்கு வந்த தண்டனை ஊருக்கு வந்த அவமானமாக மாறியது. தண்டனை பெற்ற கம்பெனியின் மேல் வர வேண்டிய கோபம், தண்டித்தவர்கள் மேல் போயிற்று. இந்த விசுவாசத்தை நான் இழிவாகப் பேசமாட்டேன். 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்து ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோது, தனி ரயில் ஏறிப் பின்னாலேயே போன கூட்டம் அது. அந்த ஆண்டே கோப்பையும் வந்தது. இவ்வளவு அன்பு வைத்தவர்களுக்கு, தங்கள் அணியை யார் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்கும் உரிமை இருக்கிறது. அவர்கள் கேட்கவில்லை, கேட்டால் துரோகம் என்று நினைத்தார்கள்.

இனி "ஸ்கிரிப்ட்" சந்தேகம். 2023 இறுதியாட்டம் அகமதாபாத்தில் மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மே 30 அதிகாலையில் முடிந்தது. கடைசி இரண்டு பந்தில் 10 ஓட்டம் வேண்டும். மோகித் சர்மா வீசினார், ஜடேஜா ஒரு ஆறும் ஒரு நான்கும் அடித்தார். மறுநாளே, சினிமா மாதிரி எழுதிவைத்து நடத்தினார்கள் என்ற பேச்சு. யோசித்துப் பாருங்கள். மட்டையின் விளிம்பில் அரை அங்குலம் தவறினால் மாறிவிடும் முடிவை எழுதிவைக்க, இருபத்திரண்டு பேரும் நடுவர்களும் சேர்ந்து நடிக்க வேண்டும், பிறகு காலமெல்லாம் வாய் திறக்காமலும் இருக்க வேண்டும். அத்தனை பேரை விலைக்கு வாங்குகிறவன் புத்திசாலித் திருடன் இல்லை.

சூதாட்டத் தரகனுக்கு முடிவே தேவையில்லை. ஆறு ஓவரில் எத்தனை ஓட்டம், பத்து ஓவரில் எத்தனை என்று செஷன் செஷனாகப் பந்தயம் ஓடுகிறது. ஒரே ஒரு பந்து வீச்சாளரின் ஒரே ஓவர் முன்கூட்டியே தெரிந்தால் போதும். ஸ்ரீசாந்த் மீது போலீஸ் சொன்னது அதைத்தான்: மொகாலியில் பஞ்சாப் அணிக்கு எதிராக வீசும் தன் இரண்டாவது ஓவரில் 14 அல்லது அதற்கு மேல் கொடுப்பதாகப் பேச்சு, இடுப்பில் துண்டு செருகுவது அடையாளம். அந்த ஓவரில் போனது 13. தொலைக்காட்சியில் பார்த்த எவருக்காவது அந்த ஓவர் வித்தியாசமாகப் பட்டதா? பட வழியே இல்லை. முதல் ஆறு ஓவருக்குள் 13 ஓட்டம் போகும் ஓவர் எத்தனையோ ஆட்டங்களில் உண்டு. ரசிகன் கண்ணால் கண்டுபிடிக்கக்கூடிய மோசடி பெரும்பாலும் மோசடியே இல்லை, மோசமான ஆட்டம். உண்மையான மோசடி பிடிபடுவது தொலைபேசியிலும் வங்கிக் கணக்கிலும்தான். 2000 ஏப்ரலில் தில்லிப் போலீஸ் தென்னாப்பிரிக்க அணித் தலைவர் ஹான்சி குரோனியேவைப் பிடித்ததும் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்டுத்தான். ஆட்டம் பார்த்து அல்ல. இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த உண்மை மாறவில்லை.

எல்லாமே செட்டிங் என்று சொல்வதில் இன்னொரு கெடுதல் இருக்கிறது. எல்லாம் பொய் என்றால் எந்த ஒன்றையும் விசாரிக்க வேண்டியதில்லை. குற்றம் செய்தவருக்கு அதைவிட வசதி வேறென்ன?

சிறிய லீக்குகளில் ஆபத்து அதிகம். ஐபிஎல் நட்சத்திரத்துக்குக் கோடிகளில் சம்பளம், அவர் இழக்க நிறைய இருக்கிறது. மாநில லீக்கில் ஆடும் மாவட்டத்துப் பையனுக்கு அப்படி இல்லை. அணி வாங்குவதற்கும் பெரிய தொகை தேவையில்லை. உள்ளூர் ஆட்டமும் நேரலையில் போவதால் உலகெங்கும் பந்தயம் கட்ட முடிகிறது. 2019 செப்டம்பரில், தங்களுக்கு வாட்ஸ்ஆப் வழியாகத் தூண்டில் போடப்பட்டது என்று தமிழ்நாடு பிரிமியர் லீக் வீரர்கள் சிலரே தெரிவித்ததையொட்டி வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்தது. தூண்டிலைக் கண்டதும் போய்ச் சொன்ன அந்தப் பையன்களை நாம் தலையில் தூக்கி வைத்திருக்க வேண்டும்.

அதே ஆண்டு கர்நாடகாவில் விவகாரம் இன்னும் முற்றியது. கர்நாடகா பிரிமியர் லீக்கில் பெலகாவி அணியின் உரிமையாளரும் வேறு அணிகளின் வீரர்களும் கைதானார்கள். அணி நடத்துகிறவரே குற்றம் சாட்டப்பட்ட வழக்கு அது. ஆட்டம் நேர்மையானது என்று நம்பிச் சீட்டு வாங்கிய பார்வையாளர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று போலீஸ் மோசடிப் பிரிவான 420ஐப் போட்டது. 2022 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆட்டத்தை விற்பது நேர்மைக் கேடுதான், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் வேலை வாரியத்துடையது. ஆனால் பார்வையாளர்கள் தாங்களாக விரும்பிச் சீட்டு வாங்குகிறார்கள், அவர்களைத் தூண்டி வாங்கவைத்ததாகச் சொல்ல முடியாது, எனவே சட்டம் சொல்லும் மோசடி இதில் இல்லை என்பது தீர்ப்பின் போக்கு.

ரசிகனைப் பற்றி நம் சட்டம் என்ன நினைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடைக்காது. நீதிபதி இருக்கும் சட்டத்தைப் படித்துச் சொன்னார், குறை அவருடையதில்லை. 2015 ஜூலையில் ஸ்ரீசாந்த் உள்ளிட்டோரைத் தில்லி நீதிமன்றம் விடுவித்தபோதும் இதே ஓட்டைதான் வெளியே தெரிந்தது. விளையாட்டு தண்டிக்கிறது, சட்டம் விடுவிக்கிறது. அமெரிக்காவில் 1919 பேஸ்பால் இறுதித் தொடரை விற்றதாகச் சிகாகோ வீரர்கள் எட்டுப் பேர் மீது புகார் வந்து, 1921இல் ஜூரி விடுவித்த மறுநாளே ஆணையர் லாண்டிஸ் அவர்களை ஆயுளுக்கும் விலக்கினார். நூறு ஆண்டுக்கு முந்தைய அந்த நிலையில்தான் நாம் இன்னும் நிற்கிறோம்.

அணி யாருடையது என்ற முதல் கேள்வி 2015 தீர்ப்போடு முடிந்துவிட்டதா? இல்லை. அந்தத் தீர்ப்பு வந்த அடுத்த மாதமே இந்தியா சிமெண்ட்ஸ், அணியைச் சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட் என்ற துணை நிறுவனத்துக்கு மாற்றியது. காட்டிய மதிப்பு 5 லட்சம் ரூபாய். 360 கோடிக்கு எடுத்த சொத்து. ஐபிஎல் நிர்வாகக் குழுவிலேயே கேள்வி எழுந்தது. 2019 செப்டம்பரில் சீனிவாசனின் மகளும் குருநாத்தின் மனைவியுமான ரூபா குருநாத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தலைவரானார். மாநிலச் சங்கம் ஒன்றுக்குப் பெண் தலைவர் வந்தது பாராட்டத்தக்க முதல் நிகழ்ச்சி. ஆனால் அவர் இந்தியா சிமெண்ட்ஸ் இயக்குநர். 2021 ஜூனில் வாரியத்தின் நெறிமுறை அதிகாரி டி.கே.ஜெயின், நலன்கள் முரண்படுகின்றன என்று கண்டார். அந்த டிசம்பரில் ரூபா பதவி விலகினார். 2008இல் கேட்ட அதே கேள்வி, பதின்மூன்று ஆண்டு கழித்து, அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையிடம்.

சிமெண்டு ஆலைகள் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டன. தாழையூத்துக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இருந்த தொழில் உறவு முடிந்தது. அணி மட்டும் குடும்பத்தின் கையில் நிற்கிறது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அணியைத் தனி நிறுவனமாகப் பிரித்தபோது, இந்தியா சிமெண்ட்ஸ் பங்கு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அணி நிறுவனத்தின் பங்கும் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் அப்படிப் பங்காளிகள் ஆனார்கள். எல்ஐசிக்கும் சுமார் 6 சதவீதம் வந்தது. சாத்தூரில் மாதாமாதம் பாலிசி கட்டும் தீப்பெட்டித் தொழிலாளிக்கும் அந்த வழியில் ஒரு துளிச் சம்பந்தம் உண்டாகிவிட்டது. ஜெர்மனியில் கால்பந்து அணிகளின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் மன்றத்தின் உறுப்பினர்களிடம் இருந்தாக வேண்டும் என்று விதி உண்டு, ஒரு சில விலக்குகளோடு. அங்கே ரசிகன் கூட்டத்துக்குப் போய்க் கையைத் தூக்கலாம். நம்மூரில் பங்கு இருந்தும் குரல் இல்லை.

புதிதாக வந்திருக்கும் சிக்கல் இன்னும் பெரிது. ஐபிஎல் முதலாளிகள் இப்போது தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா, அமீரகம், இங்கிலாந்து என்று எல்லா இடத்திலும் அணி வாங்கிவிட்டார்கள். சென்னையின் முதலாளிக்கே ஜோகன்னஸ்பர்க்கிலும் டெக்சஸிலும் அணிகள். ஒரே வீரர் ஒரே முதலாளியிடம் மூன்று நாட்டில் சம்பளம் வாங்குகிறார். தேசிய அணிக்குப் போக வேண்டுமா லீக்குக்குப் போக வேண்டுமா என்ற கேள்வி வரும்போது அவர் யாருடைய பேச்சைக் கேட்பார்? ஐரோப்பியக் கால்பந்தில் 2025இல் கிரிஸ்டல் பேலஸ், எஃப்ஏ கோப்பை வென்றும், அதன் பங்காளி ஒருவருக்குப் பிரான்சின் லியோன் அணியிலும் கை இருந்ததால் கீழ்நிலைப் போட்டிக்குத் தள்ளப்பட்டது. கிரிக்கெட்டில் அப்படி யாரும் யாரையும் தள்ளுவதாகத் தெரியவில்லை.

லோதா குழு 2016 ஜனவரியில் கொடுத்த அறிக்கையில், ஆட்டத்தை நிர்ணயிப்பதைத் தனிக் குற்றமாக்கச் சொன்னது. சட்ட ஆணையம் 2018 ஜூலையில் தன் 276ஆம் அறிக்கையில் அதையே சொன்னது. பழைய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் ஆட்ட மோசடிக்கு என்று ஒரு பிரிவு இல்லை. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கை 2019லேயே விளையாட்டுக் குற்றங்களுக்குத் தனிச் சட்டம் இயற்றிவிட்டது. பத்தாண்டுச் சிறைவரை தண்டனை உண்டு. தூண்டில் போடுவதும் குற்றம், தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் குற்றம். 2023 செப்டம்பரில் அவர்களுடைய முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சசித்ர சேனநாயக்க, லங்கா பிரிமியர் லீக் வீரர்களை அணுகினார் என்ற புகாரில் அந்தச் சட்டத்தின் கீழ்க் கைதாகி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அங்கே ஒரு ரசிகன் "செட்டிங்" என்று கத்தினால், அந்தப் புகாரைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது.